கணக்கப்பிள்ளை மகள் பதில்கள்: மெமரி போதவில்லையாம்!

மார்ச் முடிந்து கணக்கு முடிக்கிற நேரம் வந்துவிட்டால் காரைக்குடி செக்காலையில் இருக்கும் என் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஒரு வகை. சிபியுவையே மொபெட்டில் காலுக்கு நடுவில் நிறுத்திக் கொண்டுவருபவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, எக்செல் மெமரி இல்லைங்குது." இந்த முறை கடிதங்களும் அதே பாட்டுத்தான். அதனால் பிரிண்டர், ஆன்டிவைரஸ் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரும் தொழிலும் மட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புள்ளிக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். மொத்தம் 740 புள்ளி. பெயர், விலாசம், போன் நம்பர், வரி பாக்கி, இவ்வளவுதான் ஃபைலில் இருக்கிறது. விண்டோஸ் 7, எக்செல் 2007, ரேம் 2 ஜிபி. புதிதாக ஒரு காலம் (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசை) சேர்க்கப் போனால் 'எக்செல் கேனாட் கம்ப்ளீட் திஸ் டாஸ்க் வித் அவைலபிள் ரிசோர்சஸ்' என்கிறது. மற்ற எல்லாவற்றையும் மூடிப் பார்த்துவிட்டேன். 740 பெயரைத் தாங்காத கம்ப்யூட்டரும் உண்டா? ஆச்சி அவர்கள்தான் வழி சொல்ல வேண்டும்.
(கோயில் கணக்குப் பார்ப்பவர், காரைக்குடி அருகே)

ஐயா, முதலில் ஒரு திருத்தம். நான் ஆச்சி, அதாவது நகரத்தார் வீட்டுப் பெண், இல்லை. ஆச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளையின் மகள். அக்கா என்றோ அம்மா என்றோ எழுதுங்கள், போதும்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நகரத்தார் ஊர்களில் கல்யாணமான ஆண் தன் குடும்பத்தோடு ஒரு புள்ளி. கோயில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். ஆகவே ஐயா வைத்திருப்பது 740 வரிசை கொண்ட ஒரு சின்னப் பட்டியல். அதற்கு 2 ஜிபி ரேம் தாராளம். பட்டியலைத் தவிர வேறு எதையோ அந்த ஃபைல் சுமந்துகொண்டிருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

ஃபைலைத் திறந்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எண்ட் விசையைத் தட்டுங்கள். எக்செல் தன் கணக்கில் எதைக் கடைசிக் கட்டம் என்று வைத்திருக்கிறதோ அங்கே போய் நிற்கும். ஒழுங்கான ஃபைலில் அது 741-வது வரிசையாக இருக்க வேண்டும், தலைப்பு ஒன்று, புள்ளி 740. உங்களுடையது 10,48,576-வது வரிசைக்குப் போய் நிற்கும் என்று நினைக்கிறேன். அதுதான் எக்செல் 2007-இன் கடைசி வரிசை. பழைய 2003-இல் 65,536 வரிசையும் 256 காலமும்தான். 2007-இல் காலத்தை 16,384 ஆக்கினார்கள். பெருக்கினால் ஒரு ஷீட்டில் 1,717 கோடிக் கட்டங்களுக்கு மேல் வரும்.

வெறும் கட்டத்துக்கு மெமரி செலவாகாது. ஆனால் யாரோ ஒரு நாள் 'அழகாக இருக்கட்டும்' என்று பார்டர் போடும்போது மவுஸை அடிவரை இழுத்துவிட்டிருப்பார்கள், அல்லது பாக்கித் தொகைக்கான ஃபார்முலாவைக் கடைசி வரிசை வரை காப்பி செய்திருப்பார்கள். அப்புறம் அந்தப் பத்து லட்சம் வரிசையும் எக்செல்லுக்கு வெறும் வரிசை இல்லை. கோடு போட்ட வரிசை. ஒவ்வொன்றையும் நினைவில் வைத்தாக வேண்டும். நடுவில் ஒரு காலம் நுழைத்தால் அத்தனையையும் ஒரு கட்டம் தள்ளி உட்காரவைக்க வேண்டும். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

ஃபைல் சைஸைப் பார்த்து, சின்னதாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிட வேண்டாம். எக்செல் ஃபைலின் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது உள்ளே ஜிப் செய்து சுருக்கிய மூட்டை. ஒரே மாதிரியான பத்து லட்சம் வரிசை ஜிப்பில் நன்றாக மடிந்துவிடும். திறந்து விரித்தால்தான் அதன் நீளம் தெரியும்.

சரி, வைத்தியம். முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். 742 என்ற வரிசை எண்ணின் மேல் கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் அடிவரை தேர்வாகும். ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுங்கள். கவனம், கீபோர்டில் இருக்கும் டெலீட் விசை இல்லை. அது எழுத்தை மட்டும் அழிக்கும், கோட்டை விட்டுவிடும். ரைட் கிளிக்கில் வரும் டெலீட்தான் வரிசையையே எடுக்கும்.

இதைச் செய்யும்போதே மறுபடியும் அதே மெமரிச் செய்தி வரலாம். பழைய மெஷின்களில் அனேகமாக வரும். அப்போது பலர் கையைத் தூக்கிவிடுகிறார்கள். அந்தச் செய்தியின் அடுத்த வரியைப் படியுங்கள்: 'சூஸ் லெஸ் டேட்டா.' கொஞ்சமாக எடு என்று அதுவே வழி சொல்கிறது. ஷீட்டுக்கு இடப்பக்க மேல் மூலையில், செல்லின் பெயர் தெரிகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் 742:100000 என்று அடித்து என்டர் தட்டினால் அத்தனை வரிசையும் தேர்வாகும். டெலீட் செய்யுங்கள். சேவ் செய்து, ஃபைலை மூடித் திறந்து, மறுபடி அதே 742:100000. கீழே இருந்தவை மேலே ஏறி வந்திருக்கும் என்பதால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. பதினொரு முறை செய்தால் முடிந்தது. மூடித் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எக்செல் 2007-இலிருந்து 100 படி அன்டூவை (செய்ததைத் திரும்பப் பெறுகிற வசதி) ஞாபகம் வைத்துக்கொள்ளும். நீங்கள் தூக்கி எறிந்ததை எல்லாம் கொல்லைப்புறத்தில் சேர்த்து வைத்திருக்கும், எப்போது கேட்பீர்களோ என்று. மூடினால்தான் அது போகும்.

வலப்பக்கமும் இதே கதை இருக்கலாம். கன்ட்ரோல் எண்ட் தட்டியபோது எக்ஸ்எஃப்டி என்ற கடைசிக் காலத்தில் போய் நின்றதா? அப்படியானால் வெற்றுக் காலங்களையும் இப்படியே நீக்குங்கள்.

இன்னும் குறையவில்லை என்றால் எஃப்5 தட்டி, ஸ்பெஷல், அதில் ஆப்ஜெக்ட்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். வெப்சைட்டிலிருந்து விலாசம் காப்பி செய்து ஒட்டியிருந்தால், கண்ணுக்கே தெரியாத குட்டிப் படங்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். உங்களுக்கு வேண்டிய படமோ பட்டனோ அந்த ஷீட்டில் இல்லை என்றால் டெலீட். அப்புறம் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் மேனேஜ் ரூல்ஸ் போய்ப் பாருங்கள். 'பாக்கி இருந்தால் சிவப்பு' என்று நீங்கள் ஒரே ஒரு விதி போட்டிருப்பீர்கள். வரிசைகளைக் காப்பி செய்து செருகிச் செருகி அது துண்டு துண்டாகி முந்நூறு விதியாக நிற்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் மறுபடி போடுங்கள்.

கேள்வி: அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 10, 64 பிட். ஆபீஸ் 2010. ரேம் 4 ஜிபியாக இருந்ததை முதலாளியிடம் மன்றாடி 12 ஜிபி ஆக்கினேன். அப்படியும் கொள்முதல், விற்பனை, தவிடு, லாரி வாடகை என்று ஐந்தாவது ஃபைலைத் திறக்கும்போது 'நாட் இனஃப் மெமரி'. ரேம் போட்ட கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? முதலாளி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.
(கணக்கர், புதுவயல்)

தம்பி, கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆனால் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

உங்கள் ஆலையிலேயே உதாரணம் இருக்கிறது. குடோனில் ஆயிரம் மூட்டை அடுக்க இடம் இருக்கலாம். லோடுமேன் தலையில் ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான். குடோனைப் பெரிதாக்கினால் அவர் இரண்டு மூட்டை தூக்குவாரா? உங்கள் எக்செல் 32 பிட் பதிப்பாகத்தான் இருக்கும், அதாவது கொஞ்சம் மெமரியை மட்டுமே கையாளத் தெரிந்த வகை. 32 பிட் எக்செல் எவ்வளவு ரேம் இருந்தாலும் தனக்கென்று 2 ஜிபி இடத்துக்குள்தான் வேலை செய்யும். எக்செல் நிரல், ஆட்-இன்கள் (எக்செல்லோடு ஒட்டவைத்த துணை நிரல்கள்), திறந்திருக்கும் எல்லா ஃபைல்களும் அந்த 2 ஜிபிக்குள் அடங்க வேண்டும். ஒரு ஃபைலுக்கு 2 ஜிபி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அத்தனை ஃபைலுக்கும் சேர்த்துத்தான்.

32 பிட்டா என்று எப்படி உறுதி செய்வது? எக்செல் திறந்திருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் தட்டினால் டாஸ்க் மேனேஜர் வரும். எக்செல் பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று அடைப்புக்குள் போட்டிருக்கும். ஆபீஸ் 2010-இல் ஃபைல் மெனுவில் ஹெல்ப் போனாலும் தெரியும். 2013-க்குப் பிறகு வந்தவற்றில் அக்கவுன்ட், அபவுட் எக்செல்.

64 பிட் எக்செல் முதன்முதலில் வந்ததே 2010-இல்தான். அதனால் உங்களுக்கு வழி இருக்கிறது: இருக்கிற ஆபீஸை நீக்கிவிட்டு அதே 2010-இன் 64 பிட் பதிப்பைப் போடலாம். ஆனால் உடனே ஓடாதீர்கள். ஆலையில் எடை மேடையிலிருந்து கணக்கை இழுக்கிற மேக்ரோவோ (எக்செல்லுக்குள் எழுதிய குட்டி நிரல்) ஆட்-இன்னோ யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? 32 பிட்டுக்கு எழுதியது 64 பிட்டில் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எக்செல் 2016 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: அந்த ஆண்டு வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் எக்செல்லும் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். எக்செல் 2007 ஆட்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

அதுவரை ஒரு தற்காலிக உபாயம். ஏற்கெனவே திறந்திருக்கும் எக்செல்லிலிருந்து ஃபைல் ஃபைலாகத் திறக்காமல், ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் எக்செல்லை இன்னொரு முறை தனியாகத் திறந்து, அதற்குள் இரண்டு ஃபைலைத் திறங்கள். 2010-இல் அது தனி எக்செல்லாக, தனி 2 ஜிபியோடு ஓடும். இரண்டாவது லோடுமேன். 2013-க்குப் பிந்தையதாக இருந்தால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டே எக்செல் ஐகானைக் கிளிக் செய்யுங்கள், புதிதாக ஒன்று திறக்கவா என்று கேட்கும். உங்கள் 12 ஜிபிக்கு இப்போதுதான் வேலை வரும். முதலாளியிடம் காட்டிக்கொள்ளலாம்.

ஆட்-இன்தான் இடத்தை அடைக்கிறதா என்று சந்தேகம் வந்தால், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எக்செல் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். சேஃப் மோடில், அதாவது ஆட்-இன் இல்லாமல், திறக்கவா என்று கேட்கும். அதில் பிரச்சினை இல்லாமல் ஐந்து ஃபைலும் திறந்தால் குற்றவாளி ஆட்-இன்தான்.

இதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் கடிதத்தின் கடைசியில் சாவகாசமாக எழுதியிருக்கிற ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்: 'கொள்முதல் ஃபைலில் 2009-லிருந்து எல்லாம் இருக்கிறது.' ஏன் தம்பி இருக்கிறது?

என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த வீட்டில் சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று எழுதுவார்கள். வருஷக் கடைசியில் அப்பா ஐந்தொகை எடுப்பார். இரண்டு நாள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. எல்லாம் நேராகிவிட்டால் பாக்கிகளை மட்டும் புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எடுத்து எழுதுவார். பழையது சிவப்புத் துணியில் கட்டிப் பரணுக்குப் போகும். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்துப் பேரேடுகூட அந்தப் பரணில் இருந்தது. வேண்டும் என்றால் ஏணி போட்டு எடுப்பார்கள். ஆனால் தினமும் யாரும் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கணக்கு எழுதவில்லை. நீங்கள் பதினைந்து வருஷத்துக்கு மேலான பேரேட்டைத் தினமும் காலையில் திறக்கிறீர்கள், ஒரு லோடு நெல் வரவு வைப்பதற்கு.

வருஷத்துக்கு ஒரு ஃபைல் போடுங்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி பாக்கியை மட்டும் 'வேல்யூஸ்' என்று பேஸ்ட் ஸ்பெஷலில் எடுத்துப் போடுங்கள், ஃபார்முலாவோடு இழுக்காதீர்கள். ஃபார்முலாவோடு இழுத்தால் புது ஃபைல் பழைய ஃபைலைக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு வரும். பழைய வருஷங்களை எக்ஸ்எல்எஸ்பி என்ற பைனரி வடிவத்தில் சேவ் செய்து ஒதுக்கிவையுங்கள். வட்டில் இடம் குறையும், திறப்பதும் வேகமாக இருக்கும். ஆனால் திறந்த பிறகு பிடிக்கிற ரேம் ஏறக்குறைய அதேதான், அதனால் அது மெமரிக்கு மருந்து இல்லை.

கேள்வி: நகைக்கடன் கடை. 2,200 சீட்டு. எல்லாவற்றுக்கும் இன்று வரை வட்டி காட்டுகிற மாதிரி டுடே போட்டு ஃபார்முலா எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு சீட்டுக்கும் இதுவரை கட்டிய தொகையைச் சம்ப்ராடக்ட் வைத்து, இரண்டு நிபந்தனை கொடுத்து, இன்னொரு ஷீட்டிலிருந்து எடுக்கிறோம். ஃபார்முலாவையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். 'எக்செல் ரேன் அவுட் ஆஃப் ரிசோர்சஸ்' என்று வந்து நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் எதிரில் அவமானமாக இருக்கிறது.
(தேவகோட்டை)

சம்ப்ராடக்ட்டில் காலம் முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள், ஏ முதல் ஏ வரை என்று. பழைய 2003-இல் அப்படிக் கொடுத்தால் எக்செல்லே மறுத்துவிடும். 2007-க்குப் பிறகு சம்மதிக்கிறது, சம்மதித்துவிட்டுத் தவிக்கிறது. ஒரு சீட்டுக்கு 10,48,576 கட்டம். 2,200 சீட்டுக்கு 230 கோடி. அதுவும் ஒரு நிபந்தனைக்கு. நீங்கள் இரண்டு வைத்திருக்கிறீர்கள்.

இதற்குப் பதில் சம்இஃப்ஸ் எழுதுங்கள். 2007-லிருந்து இருக்கிறது. காலம் முழுவதையும் கொடுத்தாலும் எழுத்து இருக்கிற வரிசையோடு நின்றுவிடும் சமர்த்து அதற்கு உண்டு. சம்ப்ராடக்ட்தான் வேண்டும் என்றால் 2-வது வரிசை முதல் 9,000-வது வரிசை வரை என்று எல்லை கட்டுங்கள்.

டுடே இன்னொரு வம்பு. நீங்கள் ஷீட்டில் எங்கோ ஒரு மூலையில் ஒரு எழுத்தை மாற்றினாலும் டுடே உள்ள கட்டங்கள் அத்தனையும், அவற்றை நம்பி இருப்பவை அத்தனையும் மறுபடி கணக்குப் போடும். ஆஃப்செட், இன்டைரக்ட் இரண்டும் இதே ஜாதி. ஷீட்டின் தலையில் ஒரே ஒரு கட்டத்தில் தேதியை வையுங்கள், 2,200 ஃபார்முலாவும் அதைப் பார்க்கட்டும். அந்தத் தேதியைக் காலையில் கடை திறந்ததும் கையால் போடுங்கள். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அரைப்புள்ளி விசையைத் தட்டினால் இன்றைய தேதி விழும், ஒரு நொடி வேலை. ஊதுபத்தி ஏற்றிவிட்டு இதையும் செய்துவிடுங்கள். வட்டி நாளுக்கு ஒரு முறை மாறினால் போதுமே, வாடிக்கையாளர் தும்முகிறபோதெல்லாம் மாற வேண்டுமா என்ன?

கேள்வி: முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை. மரத்தூண், பீங்கான் ஜாடி, பழைய எனாமல் பாத்திரம் என்று 340 பொருளுக்கு எக்செல்லில் படத்தோடு பட்டியல். படத்தை எல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஸ்க்ரோல் செய்தால் பாதிப் படம் வெள்ளையாக வருகிறது, அப்புறம் 'நாட் இனஃப் சிஸ்டம் ரிசோர்சஸ் டு டிஸ்ப்ளே கம்ப்ளீட்லி.'
(காரைக்குடி)

மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குவது மடித்துவைப்பது மாதிரி. கத்தரிப்பது இல்லை. முழுப்படமும் உள்ளேதான் இருக்கிறது. போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் ஃபைலாக 4 எம்பி இருக்கலாம். திரையில் காட்டுவதற்காக விரித்தால் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 36 எம்பி. அப்படி 340.

ஏதாவது ஒரு படத்தின் மேல் கிளிக் செய்தால் மேலே ஃபார்மேட் என்று ஒரு தாவல் வரும். அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்) தேர்ந்தெடுங்கள். போனில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் 96-ஏ போதும். கத்தரித்த பகுதிகளை நீக்கு என்ற டிக்கும் இருக்கட்டும். ஃபைல் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

ஆனால் எனக்குக் கேட்டால், படத்தை எக்செல்லில் வைக்கவே வேண்டாம். ஒரு ஃபோல்டரில் பொருள் எண்ணையே பெயராக வைத்துப் படங்களைப் போடுங்கள். ஷீட்டில் ஹைப்பர்லிங்க் மட்டும். கிளிக் செய்தால் படம் பெரிதாகத் திறக்கும். வாங்க வருகிறவர் ஜாடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாரா, தபால்தலையைப் பார்ப்பாரா?

கேள்வி: பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறேன். ஆடிட்டர் மெயிலில் அனுப்பிய ஒரு ஃபைல் மட்டும் திறக்கவில்லை. மெமரியோ டிஸ்க்கில் இடமோ இல்லை என்கிறது. மற்ற ஃபைல் எல்லாம் நன்றாகத் திறக்கிறது. ஃபைலோ 40 கேபிதான்.
(கானாடுகாத்தான்)

ஆச்சி, இது மெமரியே இல்லை. வெளியிலிருந்து வந்த ஃபைலை விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். எக்செல் அதைத் தனிக் காவலில் (ப்ரொடெக்டட் வியூ) திறக்கப் பார்த்து முடியாதபோது, சம்பந்தமே இல்லாமல் மெமரி மேல் பழி போடுகிறது. ஃபைலின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், அடியில் அன்பிளாக் என்று ஒரு டிக் பெட்டி. டிக் செய்து ஓகே. திறந்துவிடும். ஆடிட்டர் அனுப்பியதுதான் என்று போனில் ஒரு முறை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தக் காவலையே மொத்தமாக நிறுத்திவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மனகோலத்துக்குப் பாகு பதம் எழுதி அனுப்பியதற்கு நன்றி. எனக்கு இன்னும் உருண்டை பிடிக்க வரவில்லை.

கேள்வி: டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். 2009-இல் வாங்கிய கம்ப்யூட்டர், 32 பிட் விண்டோஸ் 7, ரேம் 2 ஜிபி. எக்செல்லைத் தவிர வேறு வேலை இல்லை. ரேம் போடலாமா, புதிதாக வாங்கலாமா, அல்லது நீங்கள் லோட்டஸ் காலத்தில் சமாளித்த மாதிரி சமாளிக்கலாமா?
(ஆத்தங்குடி)

லோட்டஸை நினைவு வைத்திருக்கிறவர் ஒருவராவது மிஞ்சியிருக்கிறீர்கள்! விண்டோஸுக்கு முந்தைய டாஸில், எக்செல்லுக்கு முந்தைய லோட்டஸ் 1-2-3 கற்றுக்கொடுத்துத்தான் நான் பிழைப்பைத் தொடங்கினேன். டாஸ் நிரல்களுக்குக் கிடைத்ததே 640 கேபி. இடம் தீரப் போகிறது என்றால் திரையின் அடியில் மெம் என்ற மூன்று எழுத்து வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் மாணவர்கள் கையை எடுத்துவிட்டு "அக்கா!" என்று கூப்பிடுவார்கள். ஃபைலை இரண்டாக வெட்டுவோம். உங்கள் 2 ஜிபி அதைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல்.

ரேம் பற்றி: 32 பிட் விண்டோஸ் எப்படிப் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது, அதிலும் கையில் கிடைப்பது மூன்றரைக்குள்தான். அதனால் 2-லிருந்து 4 ஆக்கலாம், அதற்கு மேல் பணம் போடாதீர்கள். 2009 மெஷினில் டிடிஆர் 2 வகை ரேமும் இருக்கலாம், டிடிஆர் 3 வகையும் இருக்கலாம். பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றில் ஒன்று பொருந்தாது. பழைய ரேம் குச்சியைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன், இருக்கிற ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து ஊதிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பட்டறையில் சிமென்டும் மணலும் காற்றிலேயே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லியே தீர வேண்டும், ஏனென்றால் பிடுங்காமல் செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிபியுவைத் திறந்தபோது பல்லி முட்டை நாலு இருந்தது. அதற்கு எக்செல் என்ன செய்யும்?

சி டிரைவையும் பாருங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் சி டிரைவில் கொஞ்சம் இடத்தை ரேம் மாதிரி பயன்படுத்தும். அங்கே கல்யாண வீடியோக்கள் அடைத்துக்கொண்டிருந்தால் அதற்கும் வழியில்லை. டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்து, சில ஜிபியாவது சும்மா விடுங்கள். வர்ச்சுவல் மெமரி என்கிற அந்த இடத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள், அதில் கையால் எண் போட்டு வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

எக்செல்லே கட்டாயம் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், தமிழ் மெனுவும் உண்டு, விண்டோஸ் 7-க்குப் பழைய பதிப்பைத்தான் போட வேண்டும். ஆனால் விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் மெஷினில் நெட் இணைப்பு இல்லாமல் டைல்ஸ் கணக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். பேங்க் வேலை, ஜிஎஸ்டி எல்லாம் அதிலேயே செய்கிறீர்கள் என்றால் ரேமுக்குச் செலவழிக்காமல் புதிதாகவே வாங்கிவிடுங்கள், எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) உள்ளதாக.

பழையதைத் தூக்கி எறிவதற்கு முன் என் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஃபைல்களை எடுத்துத் தருகிறேன். சிபியு மட்டும் போதும், மானிட்டர் வேண்டாம். பல்லி முட்டை இருந்தால் அங்கேயே தட்டிவிட்டு வரவும்.